புறமும் அகமும்: செனட்டர் ராபர்ட் வாக்னர்

ஜெர்மனியில் நாஸ்டாட்டன் என்னும் சிற்றூரில் 1877ஆம் ஆண்டு பிறந்தவர் ராபர்ட் வாக்னர். பத்து வயது நிறையுமுன் பெற்றோருடன் கப்பலேறி நியூயார்க் வந்து சேர்ந்தபோது ஆங்கிலத்தில் ஒரு சொல்லும் அறியாத பிள்ளை அவர். அடுக்குக் குடியிருப்பொன்றில் காவலும் துப்புரவும் பார்த்த தந்தையார் சில ஆண்டுகளில் மனம் சலித்துத் தாயகம் திரும்பினார். மகன் தங்கிச் சட்டம் பயின்றார். அந்நாளில் அவரைத் தடுத்து நிறுத்த நாட்டுவாரி ஒதுக்கீடு எதுவும் இருக்கவில்லை.

1911இல் டிரையாங்கிள் ஆடைத் தொழிற்சாலைத் தீயில் 146 பேர் மடிந்தபின், தொழிற்சாலைகளை ஆராய்ந்த குழுவுக்குத் தலைவரானார். 1927இல் செனட் புகுந்தார். தொழிலாளர் சங்கம் அமைக்கும் உரிமையை நிலைநாட்டிய 1935ஆம் ஆண்டுச் சட்டம் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. அவர் புகழ் இவற்றில் நிற்கிறது. என் மனம் நிற்பதோ அவர் தோற்ற இடத்தில்.

1938 நவம்பர் வன்முறைக்குப்பின் ஜெர்மனியின் யூதர்கள் எத்திசையேனும் தப்ப முயன்றனர். அமெரிக்கா அந்நாட்டுக்கு வைத்திருந்த ஆண்டு ஒதுக்கீடு 27,370 பேர். காத்திருந்தோர் வரிசையோ பல ஆண்டுகளுக்கு நீண்டது. 1939 பிப்ரவரியில் வாக்னர் செனட்டிலும், குடியரசுக் கட்சியின் எடித் நோர்ஸ் ரோஜர்ஸ் அம்மையார் கீழவையிலும் ஒரே மசோதாவைக் கொணர்ந்தனர். பதினான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகள் 20,000 பேரை ஈராண்டுகளில் ஒதுக்கீட்டுக்குப் புறம்பாக ஏற்பது. செலவைத் தனியார் ஏற்பர்.

இன்றைய குழந்தை நாளை வேலைக்குப் போட்டியாகும் என்றனர் எதிர்த்தோர். பெருந்தொழிற்சங்கக் கூட்டமைப்புகள் இரண்டும் மசோதாவை ஆதரித்ததை அவர்கள் பொருட்படுத்தவில்லை. எலினார் ரூஸ்வெல்ட் ஆதரித்தார். அவர் கணவரான குடியரசுத் தலைவரோ, கருத்துக் கேட்டு வந்த குறிப்பை நடவடிக்கையின்றிக் கோப்பில் வைக்கச் செய்தார்.

ஜூன் இறுதியில் செனட் குடியேற்றக் குழு மசோதாவைத் திருத்தியது. எண்ணிக்கை குறையவில்லை, வயதும் மாறவில்லை. ஒதுக்கீட்டுக்குப் புறம் என்பது ஒதுக்கீட்டுக்கு அகம் என்றாயிற்று; அவ்வளவே. ஏழாம் வேற்றுமைக்குத் தொல்காப்பியர் தரும் பட்டியலில் புறமும் அகமும் அடுத்தடுத்து நிற்கும். வகுப்பில் அதனை நடத்தும்போதெல்லாம் இத்திருத்தம் என் நினைவில் வந்துபோகும். குழந்தை ஒன்று உள்ளே வர, வரிசையில் நிற்கும் வேறொருவர் வெளியே தள்ளப்படுவார். அவர் அக்குழந்தையின் தாயாகவும் இருக்கலாம்.

வாக்னர் அதனை ஏற்காது மசோதாவைத் திரும்பப் பெற்றார். கிடைத்ததை ஏற்றிருக்கலாமே என்று முதலில் எண்ணியவள் நான். கணக்கிட்டுப் பார்த்தபின் அவ்வெண்ணம் அகன்றது. ஒதுக்கீடு ஏற்கெனவே நிரம்பி வழிந்த நிலையில், திருத்தம் ஓர் உயிரையும் கூடுதலாகக் காத்திராது. யாரை விடுவது என்ற தேர்வை மட்டும் அவர் கையில் திணித்திருக்கும். எனினும், பெற்றோரே பிள்ளைகளை முதலில் அனுப்பத் துணிந்த காலம் அது. அந்த உறுத்தல் எனக்கு இன்னும் தீரவில்லை.

இரண்டே மாதங்களில் போர் மூண்டது. 1940 கோடையில் குண்டுவீச்சுக்கு அஞ்சிய பிரிட்டிஷ் குழந்தைகளுக்கு அதே அமெரிக்கா வருகையாளர் அனுமதி தந்தது. ஒதுக்கீடு குறுக்கே வரவில்லை.

உடல்நலம் குன்றி 1949இல் பதவி துறந்த வாக்னர், 1953 மே 4 அன்று நியூயார்க்கில் காலமானார். அவருடைய அந்த மசோதா எந்த அவையிலும் வாக்கெடுப்புக்கு வரவேயில்லை.