சிறகில் கண்ட புள்ளிகள்

அம்பத்தூர்த் தொழிற்பேட்டையை அடுத்த மண்ணூர்பேட்டையில் அந்திப்பொழுதில் நடந்து செல்வோர், தலைக்கு மேல் கொசுக்கள் திரளாகச் சுழல்வதைக் காணலாம். அவற்றுள் பெரும்பாலானவை குருதி குடிக்காத ஆண் கொசுக்கள். பெண் கொசுவின் சிறகொலியை எதிர்நோக்கிப் பறப்பவை. நம் கண்ணுக்குக் கொசுக்கள் யாவும் ஒன்றே. அவற்றுள் நோய் பரப்பும் வகையைத் தேடி அலைந்தவர் சர் ரொனால்டு ராஸ்.

இவர் 1857ஆம் ஆண்டு மே 13ஆம் நாள் இமயமலைச் சாரலிலுள்ள அல்மோராவில் பிறந்தார். கவிதையிலும் இசையிலும் நாட்டம் மிகுந்தவர்; எனினும், படைத்தலைவரான தந்தையின் விருப்பத்திற்கிணங்க இலண்டனில் மருத்துவம் பயின்றார். 1881இல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து சென்னை மாகாணத்திற்கு வந்தார். 1894இல் இலண்டனில் பேட்ரிக் மான்சன் என்னும் மருத்துவரைச் சந்தித்தார். மலேரியாவிற்கும் கொசுவிற்கும் தொடர்பிருக்கலாம் என்னும் அவருடைய கருத்து, ராஸின் வாழ்க்கையைத் திசைதிருப்பியது.

1895இல் செகந்தராபாத்தில் ஆய்வு தொடங்கியது. நோயாளிகளைக் கடித்த கொசுக்களை நுண்ணோக்கியின்கீழ் ஒவ்வொன்றாக அறுத்துப் பார்த்தார். இரண்டு ஆண்டுகள் கடந்தும் பயனில்லை. அவர் ஆராய்ந்தவை பெரும்பாலும் சாம்பல் நிறக் கொசுக்களும் வரிக் கொசுக்களுமே. உழைப்பில் குறையில்லை, கொசுவின் வகைதான் தவறாக இருந்தது.

விடுப்பில் உதகைப் பகுதிக்குச் சென்றபோது அவரையே மலேரியா பற்றியது. அங்குச் சீகூர் மலைப்பாதையருகே, சுவரில் வால்பகுதியை உயர்த்தி அமர்ந்திருந்த கொசு ஒன்று அவர் கருத்தைக் கவர்ந்தது. பிற கொசுக்கள் உடலைச் சுவருக்கு இணையாக வைத்து அமர்வன. இதன் சிறகிலோ புள்ளிகள் இருந்தன. இதுவே அனோபிலிசு இனம்.

செகந்தராபாத்தில் உசேன்கான் என்னும் நோயாளியைக் கடிக்கச்செய்த இவ்வினக் கொசுவை, 1897 ஆகஸ்டு 20ஆம் நாள் ராஸ் அறுத்துப் பார்த்தார். அதன் இரைப்பைச் சுவரில் நிறத்துகள்களுடன் கூடிய மலேரியா ஒட்டுண்ணி வளர்ந்திருந்தது. மறு ஆண்டு கல்கத்தாவில், பறவை மலேரியாவின் கிருமி கொசுவின் உமிழ்நீர்ச் சுரப்பியை அடைந்து, கடியின் வழியே பரவுவதையும் மெய்ப்பித்தார். 1902இல் நோபல் பரிசு அவரை அடைந்தது. 1932இல் இயற்கை எய்தினார்.

ராஸ் தொடங்கிய வேறுபாடு காணும் பணி இன்றும் தொடர்கிறது. அனோபிலிசு குலிசிபேசிசு எனப்படும் ஊர்ப்புறக் கொசு ஒன்றன்று. உருவில் ஒத்த ஐந்து உடன்பிறப்பினங்களின் தொகுதி எனப் பிற்கால ஆய்வுகள் காட்டின. அருகருகே வாழ்ந்தாலும் அவை தத்தம் இனத்திற்குள்ளேயே இணைசேர்வன. ஆதலால் நோய் பரப்பும் திறனும் இனத்திற்கு இனம் வேறுபடுகிறது. சென்னையில் மலேரியாவைப் பரப்பும் அனோபிலிசு இசுடீபன்சி கிணற்றிலும் மேல்நிலைத் தொட்டியிலும் வளர்கிறது; கியூலெக்சு கழிவுநீரை நாடுகிறது. சாக்கடையை மட்டும் தூய்மை செய்துவிட்டுத் தொட்டியை மூடாது விடுபவர், ராஸ் முதலில் செய்த பிழையையே செய்கின்றனர். பகையை வெல்ல விழைவோர், முதலில் அதனை இனங்காண வேண்டும். ராஸின் வாழ்க்கை உணர்த்தும் பாடம் இதுவே.