டி.பி.க்கு முதல் மருந்து... ராயல்டி பணத்தில் எழுந்த ஆய்வு மையம்! நோபல் வாங்கிய வாக்ஸ்மன் மீது மாணவரே கேஸ் போட்டது ஏன்?

டி.பி. வந்தால் இன்று மாத்திரை இருக்கிறது. ஒழுங்காகச் சாப்பிட்டால் குணமாகிவிடும். ஆனா 1940-களின் தொடக்கம் வரை நிலைமையே வேற. நல்ல காற்று, நல்ல சாப்பாடு, மாதக்கணக்கில் படுக்கை. டாக்டர்களால் பெரும்பாலும் இவ்வளவுதான் சொல்ல முடிந்தது.

அந்த நிலையை மாற்றிய மருந்து ஸ்ட்ரெப்டோமைசின். அது ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் பிறக்கவில்லை. அமெரிக்காவின் நியூஜெர்சியில், ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் விவசாயக் கல்லூரியில், மண்ணை ஆராய்ந்த ஒரு பேராசிரியரின் ஆய்வகத்தில் பிறந்தது. அவர் பெயர் செல்மன் வாக்ஸ்மன்.

யார் இந்த வாக்ஸ்மன்?

1888-ல், இன்றைய உக்ரைனில் இருக்கும் ஒரு சின்ன ஊரில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். சிறுவனாக இருந்தபோதே தன் தங்கையைத் தொண்டை அடைப்பான் நோய்க்குப் பறிகொடுத்தவர். 1910-ல் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தார். ரட்கர்ஸில் படித்தார். கலிஃபோர்னியாவில் முனைவர் பட்டம் வாங்கிக்கொண்டு, 1918-ல் அதே ரட்கர்ஸுக்கு ஆசிரியராகத் திரும்பினார்.

அவருடைய வேலை, மண்ணில் வாழும் நுண்ணுயிரிகளைப் படிப்பது. அதற்கும் டி.பி.க்கும் என்ன சம்பந்தம்?

மண்ணில் கிடைத்த துப்பு

1932-ல் அமெரிக்க தேசிய காசநோய் சங்கம் அவரிடம் ஒரு கேள்வியோடு வந்தது. டி.பி. கிருமி மண்ணுக்குள் போனால் என்ன ஆகும்? ஆராய்ந்து பார்த்ததில், அங்கே கிருமி மெல்ல மெல்ல அழிந்துபோவது தெரிந்தது. அப்படியென்றால் மண்ணில் இருக்கும் ஏதோ ஒன்று அதைக் கொல்கிறதா?

அந்தத் துப்பை அப்போது யாரும் பெரிதாகப் பின்தொடரவில்லை. 1939-ல் வாக்ஸ்மனின் பழைய மாணவர் ரெனே டூபோ, மண் பாக்டீரியாவிலிருந்து கிருமிகளைக் கொல்லும் பொருளைப் பிரித்தெடுத்தார். அதன் பிறகுதான் வாக்ஸ்மன் முழுமூச்சாக இறங்கினார். மெர்க் மருந்து நிறுவனம் பண உதவி செய்தது. கண்டுபிடிப்பின் உரிமை தனக்கே என்பது அதன் நிபந்தனை. மாணவர்கள் ஆயிரக்கணக்கான மண் நுண்ணுயிரிகளை ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள். சில மருந்துகள் கிடைத்தன. ஆனா மனிதர்களுக்குக் கொடுக்க முடியாத அளவுக்கு நச்சு.

அடித்தளத்தில் ஒரு 23 வயது மாணவர்

1943-ல் ராணுவத்திலிருந்து திரும்பி வந்து சேர்ந்தார் ஆல்பர்ட் ஷாட்ஸ். உதவித்தொகை மாதம் 40 டாலர். ஆபத்தான டி.பி. கிருமியோடு அவர் வேலை செய்தது கட்டடத்தின் அடித்தளத்தில். அந்த அக்டோபரில், இரண்டு நுண்ணுயிரி வகைகளிலிருந்து ஸ்ட்ரெப்டோமைசினைப் பிரித்தார். ஒன்று எரு போட்ட வயல் மண்ணில் கிடைத்தது. இன்னொன்று ஒரு கோழியின் தொண்டையில் எடுத்த மாதிரியில் கிடைத்தது.

1944 ஜனவரியில் கட்டுரை வெளியானது. அதில் மூன்று பெயர்கள்: ஷாட்ஸ், எலிசபெத் புகி, வாக்ஸ்மன். அடுத்து மேயோ கிளினிக்கின் வில்லியம் ஃபெல்ட்மனும் கோர்வின் ஹின்ஷாவும் கினிப்பன்றிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். வேலை செய்தது! அதே ஆண்டு நவம்பரில் 21 வயதுப் பெண் ஒருவருக்கு ஊசி போடப்பட்டது. அவர் குணமானார்.

பணம் எங்கே போனது?

இங்கே வாக்ஸ்மன் செய்த ஒரு காரியம் முக்கியமானது. இவ்வளவு பெரிய மருந்து ஒரே கம்பெனியின் கையில் இருக்கக் கூடாது என்று மெர்க்கிடம் கேட்டார். 1946-ல் மெர்க் தன் உரிமையை ரட்கர்ஸ் அறக்கட்டளைக்கு விட்டுக்கொடுத்தது. பல கம்பெனிகள் மருந்து தயாரிக்க வழி பிறந்தது.

காப்புரிமையில் வாக்ஸ்மன், ஷாட்ஸ் இருவர் பெயரும் இருந்தது. இருவரும் ஆளுக்கு 1 டாலர் வாங்கிக்கொண்டு அதை அறக்கட்டளைக்கு எழுதிக் கொடுத்தார்கள். இதில் யாருக்கும் தனி லாபம் இல்லை என்றுதான் ஷாட்ஸ் நம்பினார்.

ஆனா ராயல்டியில் 20% வாக்ஸ்மனுக்குப் போய்க்கொண்டிருந்தது. விஷயம் தெரிந்ததும் 1950-ல் ஷாட்ஸ் கேஸ் போட்டார். ஆசிரியர் மீது மாணவர் வழக்கு! அறிவியல் உலகமே அதிர்ந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் சமரசம் ஆனது. ஷாட்ஸும் சேர்ந்து கண்டுபிடித்தவர் என்று ஏற்கப்பட்டது. அவருக்கு 3%, வாக்ஸ்மனுக்கு 10%, ஆய்வகத்தில் இருந்த மற்றவர்களுக்கு 7% என்று பங்கு பிரிந்தது. வாக்ஸ்மன் தன் பங்கில் பாதியை நுண்ணுயிரியல் ஆய்வுக்கான அறக்கட்டளைக்குக் கொடுத்தார்.

இருந்தும் 1952-ல் நோபல் பரிசு வாக்ஸ்மன் ஒருவருக்கு மட்டுமே வந்தது.

எழுந்தது ஆய்வு மையம்

ராயல்டியின் பெரும்பகுதி பல்கலைக்கழகத்துக்குத்தான் போனது. அந்தப் பணத்தில் 1954-ல் ரட்கர்ஸில் நுண்ணுயிரியல் ஆய்வு மையம் திறக்கப்பட்டது. முதல் இயக்குநர் வாக்ஸ்மன். 1958-ல் ஓய்வு பெற்றார். 1973-ல் காலமானார். இன்று அந்த மையத்துக்கு அவர் பெயர்தான்.

ஒரு மருந்து மட்டும் போதுமா?

போதவில்லை. பிரிட்டனில் 107 நோயாளிகளிடம் நடந்த சோதனையில், ஆறு மாதத்தில் மருந்து எடுத்த 55 பேரில் 4 பேர் இறந்தார்கள். படுக்கை ஓய்வில் மட்டும் இருந்த 52 பேரில் 14 பேர் இறந்தார்கள். ஆனா ஐந்து ஆண்டுகள் கழித்துப் பார்த்தால் முறையே 32, 35 பேர் இறந்திருந்தார்கள். காரணம், கிருமி மருந்துக்குப் பழகிவிட்டது. ஒன்றுக்கு மேற்பட்ட மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தால்தான் டி.பி. அடங்கும் என்பது அப்படித்தான் புரிந்தது.

அந்தக் கூட்டு மருந்து முறையை வீட்டில் இருந்தபடியே எடுக்கலாமா? அதைச் சோதித்தது நம்ம சென்னை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், மெட்ராஸ் அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகிய நான்கும் கைகோர்த்து 1956-ல் சேத்துப்பட்டில் மையம் தொடங்கின. வீட்டுச் சிகிச்சையும் சானடோரியம் அளவுக்குப் பலன் தரும் என்று 1959-ல் அது உலகுக்குச் சொன்னது.

ஷாட்ஸ் என்ன ஆனார்?

கேஸுக்குப் பிறகு அமெரிக்காவின் பெரிய ஆய்வகங்களில் அவருக்கு இடம் கிடைப்பது கஷ்டமானது. 1994-ல்தான் ரட்கர்ஸ் அவரை அழைத்துப் பதக்கம் கொடுத்தது. கண்டுபிடித்து அரை நூற்றாண்டு ஆகியிருந்தது. 2005-ல் காலமானார். கட்டுரையில் பெயர் இருந்த எலிசபெத் புகியின் பெயர், காப்புரிமையில் இடம்பெறவே இல்லை.

வாக்ஸ்மன் இல்லாமல் அந்தத் தேடலே நடந்திருக்காது. பணத்தைப் பல்கலைக்கழகத்துக்குத் திருப்பியதும் அவர்தான். ஆனா அடித்தளத்தில் உட்கார்ந்து கிருமியோடு மல்லுக்கட்டியவரோடு கணக்கைத் திறந்து பேசியிருந்தால், அந்தக் கேஸே வந்திருக்காது. பலர் கைசேர்ந்து எழுப்பும் எந்த மையத்துக்கும் முதல் நாளே எழுதி வைக்க வேண்டிய விதி அது.