சாயர்புரத்துத் தமிழாசிரியர் பாடிய மோட்சப் பயணம்



ஆன்மா விண்ணகம் நோக்கிச் செல்லும் பயணத்தைப் பாடியவர்களில் முதன்மையானவர் இத்தாலியக் கவிஞர் தாந்தே. 1302-இல் சொந்த ஊரான புளோரன்சிலிருந்து நாடு கடத்தப்பட்டு, ஊர் திரும்பாமலேயே 1321-இல் இறந்தார். அப்படியொரு பயணக் காவியம் தமிழிலும் உண்டு. அதுதான் இரட்சணிய யாத்திரிகம். எழுதியவர் எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை. தேம்பாவணி தந்த வீரமாமுனிவரை அறிந்த அளவுக்கு முத்துக்குளித்துறைக் கத்தோலிக்கராகிய நாம் இவரை அறியவில்லை. சபை வேறு என்பதுதான் காரணமோ?

இவர் 1827-இல் நெல்லையை அடுத்த கரையிருப்பில் வைணவக் குடும்பத்தில் பிறந்தவர். 1853-இல் நம் தூத்துக்குடிக்கு அருகிலுள்ள சாயர்புரத்தில், ஆங்கிலிக்கன் மறைப்பணியாளர் நடத்திய பள்ளியில் தமிழாசிரியரானார். தம்பி முத்தையா பிள்ளை முதலில் கிறிஸ்தவரானார். அண்ணனோ 1858-இல்தான், அதுவும் சொந்த ஊரில் அல்ல, சென்னை மயிலாப்பூரில் திருமுழுக்குப் பெற்றார்.

ஜான் பனியன் 1678-இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட மோட்சப் பயணக் கதையைத் தழுவி, கம்பனின் நடையில் 3766 பாடல்கள் பாடினார். ஒரே மூச்சில் அல்ல! நற்போதகம் என்னும் மாத இதழில் 13 ஆண்டுகள் தொடராக வந்து, 1894-இல் நூலானது. அப்போது அவருக்கு வயது 67. நாயன்மார் பாடிய தேவார முறையில் இயேசுவைப் போற்றும் பாடல்களையும் இடையிடையே சேர்த்தார். ஆண்டவரின் பாடுகளைச் சொல்லும் பகுதி பன்னிரண்டாம் வகுப்புப் பாடநூலிலும் இடம்பெற்றது. தவக்காலத்தில் அதை ஒருமுறை வாசித்துப் பாருங்கள்.

பனியன் திருத்தந்தையைக் குகையில் முடங்கிய கிழ அரக்கனாக்கிக் கேலி செய்தவர். அதைவிடப் பெரிய வேறுபாடு ஒன்று உண்டு. தாந்தே தம் காவியத்தின் மூன்றில் ஒரு பங்கை உத்தரிக்கும் தலத்துக்கே கொடுத்தார். பனியன் காட்டிய வழியில் அது இல்லவே இல்லை. மரண ஆற்றைக் கடந்தால் நேரே விண்ணக நகரின் வாசல்தான். இறந்தவருக்காக இக்கரையில் நின்று மன்றாட யாரும் தேவைப்படுவதில்லை. கடலில் போன உறவுகளுக்காகவும் பூசை ஒப்புக்கொடுத்துப் பழகிய நமக்கு இது பெருங்குறைதான். அதற்காக 13 ஆண்டு செபத்தைப் போன்ற இந்த நூலை ஒதுக்கிவிட நமக்கு மனம் வரவில்லை.

1900 பிப்ரவரி 3-ஆம் நாள் கிருஷ்ணபிள்ளை காலமானார். நவம்பர் 2-ஆம் நாள் கல்லறைத் திருநாள் பூசையில் நம் முன்னோரோடு அவர் பெயரையும் நாம் நினைத்துக்கொள்கிறோம். அவர் அதை ஏற்றிருப்பாரா என்பது வேறு விஷயம்!