மிகுவேல் கிராவ்: வீரரும் தந்தையும்

வெற்றி பெற்றவர்களுக்குச் சிலை எடுப்பது உலக வழக்கம். தோற்றுப்போன யுத்தத்தில் மடிந்த ஒருவரை ஒரு தேசம் தன் தலைசிறந்த புதல்வராகக் கொண்டு தலைமுறை தலைமுறையாகப் போற்றி வருவது அபூர்வம். தென்னமெரிக்காவிலுள்ள பெரு தேசத்துக் கடற்படைத் தலைவர் மிகுவேல் கிராவ் அப்பேறு பெற்றவர். 1879-ஆம் வருஷம் அக்டோபர் மாதம் 8-ஆம் தேதி அவர் கடற்போரில் உயிர் நீத்தார். அன்றே அவருடைய கப்பல் எதிரியின் கையில் சிக்கிற்று. பின்னர் அவருடைய தேசமும் தோற்று, வளமிக்கதொரு மாகாணத்தை இழந்தது. ஆயினும் பெரு மக்கள் அந்நாளை இன்றளவும் தேசிய விடுமுறை நாளாக அனுஷ்டித்து வருகின்றனர். இதன் காரணத்தை ஆராய்வது நம்மவர்க்குப் பயன் தருமென்று கருதுகிறோம்.

கிராவ் 1834-ஆம் வருஷம் ஜூலை 27-ஆம் தேதி பெருவின் வடபகுதியில் பிறந்தார். தகப்பனார் ஹுவான் மனுவேல் கிராவ் கொலம்பியாவைச் சேர்ந்தவர்; விடுதலை வீரர் பொலிவாரின் சேனையோடு பெருவுக்கு வந்து, அங்கேயே தங்கிவிட்ட ராணுவ அதிகாரி. பைத்தா என்னும் துறைமுகத்தில் வளர்ந்த பாலகன் மிகுவேல் தமது ஒன்பதாவது வயதிலேயே வர்த்தகக் கப்பலொன்றில் ஏறினார். முதற் பிரயாணத்திலேயே கப்பல் உடைந்தது. உயிர் தப்பி வீடு திரும்பிய பிள்ளை மறு வருஷமே மீண்டும் கடலேறிவிட்டார். ஏறக்குறைய பத்து வருஷ காலம் பல கொடிகளின் கீழ்ப் பல சமுத்திரங்களையும் சுற்றி, சாதாரண மாலுமியின் பாடுகள் அனைத்தையும் அனுபவித்த பிறகே, 1854-ல் தம் நாட்டுக் கடற்படையில் சேர்ந்தார்.

அவருடைய தன்மானத்தை விளக்கும் சம்பவம் ஒன்றை இங்கே குறிப்பிட விரும்புகிறோம். 1866-ல் பெருவும் சிலியும் ஒன்றுபட்டு, பழைய எஜமானனான ஸ்பெயினை எதிர்த்தன. அந்தப் போரில் யூனியன் என்ற கப்பலுக்குத் தலைமை தாங்கிக் கிராவ் பணியாற்றினார். அச்சமயத்தில் பெரு அரசாங்கம் டக்கர் என்ற அமெரிக்கரைக் கடற்படைத் தலைவராக நியமித்தது. தம் நாட்டுப் படைக்குத் தலைமை வகிக்கத் தம்மவரில் தகுதியுடையோர் இல்லையா என்று கிராவும் அவருடைய தோழர்களும் வெகுண்டு, பதவிகளை ராஜிநாமாச் செய்தனர். அவர்களைச் சான் லொரென்சோ தீவில் சிறை வைத்து விசாரணை நடத்தினார்கள். 1867-ல் அனைவரும் குற்றமற்றவர்களென்று விடுதலையாயினர். ஆயினும் கிராவ் உடனே படைக்குத் திரும்பவில்லை. ஓர் ஆங்கிலக் கம்பெனியின் நீராவிக் கப்பலைச் சிறிது காலம் நடத்திவிட்டு, 1868-ல் மீண்டும் சேவைக்கு வந்தபோது, ஹுவாஸ்கார் என்னும் இரும்புக் கவசக் கப்பல் அவர் வசம் ஒப்படைக்கப்பட்டது. இன்கா அரசர் ஒருவரின் பெயர் தாங்கிய அக்கப்பலும் அவருடைய பெயரும் அதன் பின் பிரிக்க முடியாதவை ஆயின.

விடுதலை பெற்ற அதே 1867-ல் டோலோரஸ் கபேரோ என்னும் மாதரசியை அவர் மணந்தார். அவர்களுக்குப் பத்துக் குழந்தைகள் பிறந்தனர். லீமா நகரில் அக்குடும்பம் வாழ்ந்த இல்லம் இன்று கடற்படைக் காட்சிசாலையாக இருக்கிறது. கடலிலே வாழ்நாளைக் கழிப்பவனுக்கு வீடு என்பது விருந்தினனாக வந்து போகும் இடமாகிவிடுவதுண்டு. கிராவோ பிள்ளைகளின் கல்வியிலே இடைவிடாத கவலை கொண்டிருந்தார். ஒன்பது வயதில் கப்பலேறிய தமக்கு முறையான படிப்புக்கு வாய்ப்புக் குறைந்ததை அவர் எண்ணியிருக்கக்கூடும். பிள்ளைகளிடம் அன்பு காட்டிய அவர், பிள்ளையாகத் தமக்குரிய கடனையும் மறக்கவில்லை. அவருடைய தகப்பனார் சிலி நாட்டு வால்பரைசோ நகரில் காலமாகி, அங்கேயே அடக்கம் செய்யப்பட்டிருந்தார். 1877-ல் கிராவ் விடுமுறை பெற்று அங்கு சென்று, தந்தையின் எலும்புகளைத் தாயகத்துக்குக் கொண்டு வந்தார். தம் எலும்புகளும் ஒருநாள் அதே சிலி மண்ணிலிருந்து வர வேண்டியிருக்குமென்று அப்போது யார் நினைத்திருப்பார்கள்!

1876-ல் பைத்தா மக்கள் அவரைச் சட்டசபைக்கு அனுப்பினர். பின்னர்க் கடற்படையின் தலைமை நிர்வாகத்தையும் அவர் வகித்தார். கப்பல்களின் சீர்கேட்டை 1878-ல் அரசாங்கத்துக்கு எடுத்துரைத்தார். அதற்குச் சில வருஷங்களுக்கு முன்பே சிலி அரசாங்கம் இங்கிலாந்திலிருந்து கொக்ரேன், பிளாங்கோ என்கலாடா என்ற இரண்டு பெரிய கவசக் கப்பல்களை வருவித்துக்கொண்டது. அவை ஒவ்வொன்றும் சுமார் 3,500 டன். ஹுவாஸ்காரோ சுமார் 1,100 டன்தான். பெருவின் ஆட்சியாளர்கள் இவற்றுக்கு ஈடான கப்பல் ஒன்றையும் வாங்கவில்லை. உட்கட்சிச் சண்டைகளும் கடன் சுமையும் அவர்கள் காதுகளை அடைத்துவிட்டன.

1879-ல் யுத்தம் மூண்டது. பாலைவனத்து வெடியுப்பு வயல்களே காரணம். பொலிவியா விதித்த வரியைப் பற்றிய தகராறில் சிலி அந்நாட்டின் துறைமுகத்தைக் கைப்பற்றியது. பொலிவியாவுடன் உடன்படிக்கை செய்திருந்த பெருவும் போருக்குள் இழுக்கப்பட்டது. மே மாதம் 8-ஆம் தேதி கிராவ் தம் மனைவிக்கு ஒரு கடிதம் எழுதி வைத்தார். தாம் மடிய நேர்ந்தால், தாம் விட்டுச் செல்லும் சொற்பப் பொருளையும் குழந்தைகளின் நற்கல்விக்கே செலவிட வேண்டுமென்பது அதில் அவர் தெரிவித்த முக்கியமான விருப்பம். கல்வி ஒன்றையே அவர் பிதுரார்ஜிதமாகக் கருதினார். இவ்விதம் தந்தையின் கடமையை முடித்துவிட்டே அவர் வீரனின் கடமைக்குப் புறப்பட்டார்.

மே 21-ஆம் தேதி இகீகே துறைமுகத்தில் ஹுவாஸ்கார், சிலியின் எஸ்மெரால்டா என்ற பழைய மரக்கப்பலை எதிர்த்தது. எஸ்மெரால்டாவின் தலைவர் அர்த்தூரோ பிராத் சரணடைய மறுத்தார். ஹுவாஸ்கார் வந்து மோதியபோது வாளேந்தி அதன் தளத்திலேயே குதித்துப் போராடி மாண்டார். மூன்றாவது மோதலில் எஸ்மெரால்டா மூழ்கியது. உடனே கிராவ் தம் படகுகளை இறக்கி, கடலில் தத்தளித்த எதிரி மாலுமிகளைக் காப்பாற்றச் செய்தார். அத்துடன் நிற்கவில்லை. பிராத்தின் வாளையும் அவர் மேனியிலிருந்த பொருள்களையும் பத்திரப்படுத்தி, அவருடைய வீரத்தைப் போற்றும் கடிதத்தோடு விதவை கார்மேலாவுக்கு அனுப்பிவைத்தார். பிராத்தும் சிறு குழந்தைகளின் தந்தை. தம் மனைவிக்கு வரக்கூடிய ஓலை எத்தகையது என்பதை இரண்டு வாரங்களுக்கு முன்பே எண்ணிப் பார்த்துவிட்ட மனிதர், எதிரியின் மனைவிக்கு எழுதிய ஓலை அது. அந்த அம்மையாரும் நன்றியறிதலுடன் பதில் எழுதினார்.

அதே நாளில் பெருவின் மற்றொரு பெரிய கவசக் கப்பலான இண்டிபெண்டென்சியா, எதிரியைத் துரத்திச் செல்கையில் பாறையில் மோதி அழிந்தது. இனி ஹுவாஸ்கார் ஒன்றே தேசத்தின் அரண். ஏறக்குறைய ஐந்து மாத காலம் அந்த ஒற்றைக் கப்பல் சிலியின் கரையோரமெங்கும் திடீர் திடீரெனத் தோன்றி, படையெடுப்பைத் தடுத்து நின்றது. ஜூலை மாதத்தில் குதிரைப் படையொன்றை ஏற்றிச் சென்ற ரீமாக் என்ற கப்பலைக் கைப்பற்றியது. மத்தியாஸ் கூசின்யோ என்ற கப்பலைச் சந்தித்தபோது, சுடுவதற்கு முன் அதிலிருந்தவர்களை இறங்கிவிடும்படி கிராவ் எச்சரித்தார். கடல்களின் கனவான் என்ற பட்டம் அவருக்கு வாய்த்தது இத்தகைய செயல்களினாலேயே.

அக்டோபர் 8-ஆம் தேதி காலையில் ஆங்காமோஸ் முனைக்கருகே சிலியின் கடற்படை இரு பிரிவாக வந்து அவரை வளைத்துக்கொண்டது. வேகம் மிகுந்த யூனியன் தப்பிச் சென்றது. ஹுவாஸ்கார் நின்று போரிட்டது. கொக்ரேன் வீசிய குண்டு கிராவ் நின்ற தலைமைக் கூண்டைத் துளைத்து வெடித்தது. அவர் உடலில் மிஞ்சியது மிகச் சிறு பகுதியே. அவருக்குப் பின் தலைமையேற்ற அதிகாரிகளும் ஒருவர் பின் ஒருவராக வீழ்ந்தனர். கப்பலை மூழ்கடித்துவிட எஞ்சியோர் முயன்றும் முடியாமல், அது எதிரி வசமாயிற்று.

விதியின் விசித்திரத்தைப் பாருங்கள். சிலியின் கடற்படை அதிகாரி ஒஸ்கார் வியேல் என்பவர் கிராவின் சகலபாடி. இருவரும் சகோதரிகளை மணந்தவர்கள். எதிரி நாட்டில் கிராவின் எச்சங்கள் அவமதிப்புக்குள்ளாகாமல், அந்தச் சகலபாடியின் குடும்பக் கல்லறையில் இடம் பெற்றன. 1890-ல் அவை பெருவுக்குத் திரும்பின. ஹுவாஸ்கார் இன்றும் சிலியின் தால்கவானோ துறைமுகத்தில், இரு நாட்டு வீரர்களின் நினைவுச் சின்னமாகப் போற்றிப் பாதுகாக்கப்பட்டு வருகிறது.

பத்துப் பிள்ளைகளின் தந்தை, தோல்வி பெரும்பாலும் நிச்சயமான போருக்குப் போகலாமா என்று சிலர் கேட்கக்கூடும். அக்கேள்வி அலட்சியப்படுத்தத் தக்கதன்று. தேசத்தின் பெயரால் வீட்டை மறந்தவர்கள் உண்டு. வீட்டின் பெயரால் தேசத்தை விற்றவர்களும் உண்டு. கிராவ் இரண்டில் எதையும் செய்யவில்லை. வீட்டிலே கற்ற அன்பை அவர் போர்க்களத்துக்கும் கொண்டு சென்றார். ஆகவேதான் எதிரியிடத்திலும் ஒரு தந்தையையும் ஒரு மகனையும் அவரால் காண முடிந்தது. ஆனால் அக்குடும்பம் செலுத்திய விலைக்கு ஆட்சியாளர்களின் அசட்டையும் ஒரு காரணம் என்பதை நாம் மறத்தலாகாது. வீரர்களின் எச்சரிக்கையைக் கேளாமல் இருந்துவிட்டு, அவர்கள் மாண்ட பின் மாலை சூட்டுவதால் அனாதைகளின் கண்ணீர் உலராது.

பெரு நாட்டுச் சட்டசபையில் கிராவின் ஆசனம் காலியாகவே வைக்கப்பட்டிருக்கிறது. அங்கத்தினர் பெயர்களை வாசிக்கையில் அவர் பெயரையும் அழைப்பதும், சபையினர் அவர் வந்திருப்பதாக விடையளிப்பதும் அங்கே மரபு. கேட்க வேண்டிய காலத்தில் கேளாத குரலுக்கு ஒரு தேசம் இவ்வாறு செவி சாய்த்து வருகிறது. தன் சேவகர்கள் உயிருடனிருக்கும்போதே அவர்கள் சொல்லைக் கேட்கும் தேசம் அதனினும் பாக்கியமுடையது.