மோக்: பேரைத் தொலைத்த இன்ஜினியர்

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். அவர் பேரை 'மூக்'னு படிக்காதீங்க, 'மோக்'. மியூசிக் சாஃப்ட்வேர்ல கை வச்சவங்க இந்தப் பேரைக் கண்டிப்பா பார்த்திருப்பீங்க.

ராபர்ட் மோக் 1934-ல் நியூயார்க்கில் பிறந்தார். அப்பா இன்ஜினியர். ஸ்கூல் படிக்கும்போதே அப்பாவோட சேர்ந்து தெரமின் செய்தார். தொடாமலே, கையைக் காற்றில் அசைத்து வாசிக்கிற கருவி அது. கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1965-ல் டாக்டர் பட்டம் வாங்கினார்.

அதுக்கு முந்தின வருஷமே, ஹெர்பர்ட் டாய்ச் என்ற இசையமைப்பாளரோடு சேர்ந்து வோல்டேஜால் கட்டுப்படுத்தும் மாடுலர் சிந்தசைசரை உருவாக்கிட்டார். ஆனா அது பீரோ சைஸ். ஒவ்வொரு சத்தத்துக்கும் வயர் மாத்தி மாத்திச் சொருகணும். விலை பல ஆயிரம் டாலர்.

1970-ல் வந்த மினிமோக் அதை மாத்துச்சு. கம்பெனி இன்ஜினியர் பில் ஹெம்சாத் உதிரி பாகங்களை வச்சு முதல் மாடலைச் செய்தார். வயரிங் எல்லாம் உள்ளேயே. மூணு ஆஸிலேட்டர், 44 கீ, கையில தூக்கிட்டுப் போகலாம். விலை சுமார் 1,500 டாலர்.

குறை இல்லாம இல்ல. ஒரு நேரத்தில் ஒரு ஸ்வரம்தான். மெமரி கிடையாது, நாப் எங்கே இருந்துச்சுன்னு எழுதி வச்சுக்கணும். சூடேறினா சுருதி நகரும். இருந்தும் அந்தக் கனமான பேஸ் சத்தத்துக்காகவே வாங்கினாங்க. காரணம், மோக்கோட லேடர் ஃபில்டர். டிரான்சிஸ்டர் ஜோடிகளை ஏணிப்படி மாதிரி அடுக்கி, நடுவில் கெபாசிட்டர் வச்ச சர்க்யூட். கட்-ஆஃபுக்கு மேல ஒரு ஆக்டேவுக்கு 24 டெசிபெல் குறைக்கும்.

சர்க்யூட் தெரிஞ்சவருக்குக் கணக்கு வழக்கு கைகொடுக்கல. கடன் ஏறி, 1971-ல் கம்பெனி கைமாறிடுச்சு. 1977-ல் அவர் வெளியே வந்தப்போ, 'மோக்' என்ற பேருக்கான உரிமை அங்கேயே தங்கிடுச்சு. சொந்தப் பேரில் ஒரு சிந்தசைசர்கூட விற்க முடியாது!

வட கரோலினாவுக்குப் போய், பிக் பிரையர்னு வேற பேரில் கம்பெனி ஆரம்பிச்சு, மறுபடி தெரமின் செய்தார். 2002-ல் பேரை மீட்டு, புது மினிமோக்கும் கொண்டுவந்தார். மூணு வருஷத்தில், 2005-ல், மூளைக் கட்டியால் இறந்தார்.

பழைய மினிமோக் இன்னிக்கு நம்ம பட்ஜெட்ல வராது. அந்த ஃபில்டர் சர்க்யூட்டை சிமுலேட்டர்ல போட்டுப் பார்க்க காசு வேண்டாம். எலக்ட்ரானிக்ஸ் லேப் முடிஞ்சதும் ஒரு தடவை போட்டுப் பாருங்க.