சுபேதார் ராம்ஜியின் மைந்தர்

அண்ணல் அம்பேத்கர் பெற்ற பட்டங்களை நம் இளைஞர் மனப்பாடமாகச் சொல்வர். அப்பட்டங்களுக்கெல்லாம் முன்னர், பள்ளிப் பருவத்தில் அவர் எவ்வாறு இருந்தார் என்பதை அறிந்தோர் சிலரே.

1891 ஏப்ரல் 14 அன்று மாவ் படைமுகாமில் பிறந்த பீமராவ், இளமையிலேயே தாயை இழந்தார். அத்தை மீராபாய் வளர்த்தார். சதாரா பள்ளியில் தாமே கொண்டுசென்ற சாக்கின்மீது தனித்து அமர்ந்தார். பியூன் ஊற்றினாலன்றிக் குடிநீர் இல்லை. இதற்கிடையே தந்தை மறுமணம் செய்துகொள்ள, சிறுவரின் உள்ளம் கொதித்தது. பம்பாய்க்கு ஓடி ஆலையில் வேலைக்குச் சேர எண்ணினார். வழிச்செலவுக்காக, உறங்கும் அத்தையின் பணப்பையைக் கவரச் சில இரவுகள் முயன்றார். கைக்கு வந்தபோது அதில் இருந்தது அரையணா! வெட்கமுற்ற பீமராவ், நன்கு படித்து விரைவில் தேறினால்தான் சொந்தக்காலில் நிற்க இயலும் எனத் துணிந்தார். தந்தைமீது கொண்ட சினத்தை உழைப்பாக்கிக்கொண்ட இச்செயலை, பின்னாளில் அவர் பெற்ற தேர்வு வெற்றிகளினும் பெரிதாக நான் மதிக்கிறேன்.

ராம்ஜி, படைப்பள்ளியில் தலைமையாசிரியராய் இருந்தவர். குடும்பம் பம்பாய்க்குப் பெயர்ந்து பரேலில் ஓர் ஒற்றையறையில் குடியேறியது. சமையலும் விறகும் ஆடும் அவ்வறையிலேயே. மகனை முன்னிரவிலேயே உறங்கச் செய்து, தாம் 2 மணிவரை விழித்திருந்து, அவரை எழுப்பிப் படிக்க அமர்த்திய பின்னரே தந்தை படுப்பார். நூல் வேண்டுமெனில் மணமான மகள்களின் வீட்டிற்கு விரைவார். ரொக்கம் இல்லையேல் மகளின் நகையை அடகு வைத்து, ஓய்வூதியம் வந்ததும் மீட்டுத் தருவார். இருவரைப் படிக்கவைக்க இயலாமையால், தமையன் ஆனந்தராவ் படிப்பை விட்டு வேலைக்குச் சென்றார். அவர் பெயரை நம் விழா மேடைகளில் எவரும் சொல்லக் கேட்டிலேன்.

எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியிலும் இழிவு ஓயவில்லை. கணக்குப் போட ஆசிரியர் அவரைக் கரும்பலகைக்கு அழைத்தபோது, அதன் பின்னே வைத்திருந்த உணவுப் பெட்டிகளை எடுக்க மாணவர்கள் ஓடினர். வடமொழி மறுக்கப்படவே பாரசீகம் பயின்றார். 1907 இல் மெட்ரிகுலேஷன் தேறினார். பெற்றது 750க்கு 282. இன்று நம் இல்லங்களில் இம்மதிப்பெண்ணுக்கு வசைதான் கிடைக்கும்! அன்று சமூகத்தார் கூட்டம் கூட்டிப் பாராட்டினர். ராம்ஜி தம் வறுமையிலும் மகனைக் கல்லூரிக்கு அனுப்பினார்.

1913 பிப்ரவரியில் ராம்ஜி மறைந்தார். அதே ஆண்டில் மகன் கொலம்பியா பல்கலைக்கழகம் சென்றதைக் காண அவர் இல்லை. 1923 இல் வெளிவந்த, ரூபாயின் சிக்கலை ஆராயும் தம் நூலை அண்ணல் தாய் தந்தையரின் நினைவுக்குக் காணிக்கையாக்கினார்.