எதிர்த்துப் பேசியவர்களைத் துரோகி என்று சொல்லாத பிரதமர்

பிரித்தானியா 2020 ஜனவரி 31 அன்று ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்து வெளியேறியது. ஆனாலும் ஹரோவிலும் ஈஸ்ற்ஹாமிலும் ரூற்றிங்கிலும் உள்ள நமது வீடுகளில் அந்த வாதம் இன்னும் ஓயவில்லை. அதற்குக் காரணமும் உண்டு. நம்மில் பலர் இந்த நாட்டுக்கு நேராக வந்து சேர்ந்தவர்கள் அல்லர். ஊரை விட்டு ஜேர்மனிக்கோ பிரான்சுக்கோ ஹொலன்டுக்கோ டென்மார்க்குக்கோ போய், அங்கே குடியுரிமை பெற்று, அந்தக் கடவுச்சீட்டின் பலத்தில் இலண்டனுக்கு மாறி வந்தவர்கள். 2016 யூன் 23 அன்று நடந்த வாக்கெடுப்பில் அவர்களுக்கு வாக்கு இருக்கவில்லை. ஆனால் இலங்கைக் கடவுச்சீட்டுடன் விசாவில் இங்கு தங்கியிருந்த ஒருவருக்குப் பொதுநலவாய நாட்டவர் என்ற முறையில் வாக்கு இருந்தது. ஒரே வீட்டில் தம்பிக்கு வாக்கு உண்டு, அக்காவுக்கு இல்லை. இருக்கவா போகவா என்ற கேள்வியில் அதிகம் இழக்கக்கூடியவர் அக்காதான்.

அந்தக் கேள்வி பிரித்தானிய மக்களிடம் முதன்முறையாகக் கேட்கப்பட்டது 2016இல் தான் என்று நமது பிள்ளைகள் நினைக்கிறார்கள். அது உண்மையில்லை. 41 வருடங்களுக்கு முன்பே, 1975இல், இதே கேள்வி கேட்கப்பட்டது. கேட்டவர் தொழிற்கட்சிப் பிரதமர் ஹரோல்ட் வில்சன். தமிழில் அவரைப் பற்றி அதிகம் எழுதப்படவில்லை. நமது சமூகம் அறிந்து வைத்திருக்க வேண்டிய ஒரு பாடம் அவருடைய வாழ்க்கையில் இருக்கிறது என்பதால் இதை எழுதுகிறோம்.

வில்சன் 1916 மார்ச் 11 அன்று யோர்க்ஷயரில் உள்ள ஹடர்ஸ்பீல்ட் நகரத்தில் பிறந்தார். தந்தை சாயத் தொழிற்சாலையில் வேலை செய்த ஓர் இரசாயனவியலாளர். 1930இன் கடைசியில் தந்தைக்கு வேலை போனது. ஒரு வருடத்துக்கும் மேலாக அவர் வேலையின்றி இருந்தார். பிறகு வேறு ஊரில் வேலை கிடைக்க, குடும்பமே இடம்பெயர்ந்தது. படித்த மனிதர் ஒருவர் வேலையில்லாமல் வீட்டில் இருப்பது ஒரு குடும்பத்தை என்ன செய்யும் என்பதைச் சிறுவன் வில்சன் அருகில் இருந்து பார்த்தார். புலம்பெயர்ந்த நமக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

கல்விதான் அவரைத் தூக்கிவிட்டது. அரச பாடசாலையில் படித்து, புலமைப்பரிசில் பெற்று ஒக்ஸ்போர்ட் சென்றார். முதல் வகுப்பில் தேறி, 21 வயதிலேயே அங்கு பொருளியல் விரிவுரையாளரானார். பிரித்தானிய சமூக நலத் திட்டங்களுக்கு அடிப்படை அறிக்கையை எழுதிய பெவரிட்ஜிடம் உதவியாளராக வேலை பார்த்தார். போர்க்காலத்தில் அரச சேவையில் நிலக்கரி உற்பத்தியின் புள்ளிவிபரங்களைக் கவனித்தார். 1945இல் நாடாளுமன்றம் சென்று, 1947இல் 31 வயதில் வர்த்தக அமைச்சராக அமைச்சரவைக்குள் நுழைந்தார்.

1951இல் அந்தப் பதவியை அவரே துறந்தார். மூக்குக் கண்ணாடிக்கும் பொய்ப்பல்லுக்கும் மக்களிடம் கட்டணம் வாங்க அரசாங்கம் முடிவெடுத்தபோது, அனைரின் பெவன் பதவி விலகினார். வில்சனும் அவருடன் விலகினார். கட்சித் தலைமையோடு முரண்பட்டு வெளியே நிற்பது எப்படி இருக்கும் என்பதை அவர் 35 வயதிலேயே அனுபவித்தவர். பின்னாளில் தன்னோடு முரண்பட்டவர்களை அவர் நடத்திய விதத்துக்கு இந்த அனுபவமும் ஒரு காரணமாக இருக்கலாம்.

1963இல் கட்சித் தலைவரான வில்சன், 1964 ஒக்டோபரில் பிரதமரானார். அவருடைய ஆட்சியில் மரண தண்டனை நிறுத்தப்பட்டது. இன பாகுபாட்டுக்கு எதிரான முதல் சட்டம் 1965இல் வந்தது. அமெரிக்கா நெருக்கியும் வியட்நாமுக்கு அவர் படை அனுப்பவில்லை. 1969இல் தொடங்கப்பட்ட திறந்த பல்கலைக்கழகம் அவர் மிகவும் பெருமைப்பட்ட வேலை. பகலில் வேலைக்குப் போய் இரவில் படித்துப் பட்டம் பெறுவதற்கான வழியை அது திறந்துவிட்டது. பாதியில் விட்ட படிப்பை இங்கு வந்து தொடர்ந்த எவருக்கும் அதன் அருமை தெரியும்.

கணக்கு எழுதுகிறவர்கள் வரவை மட்டும் எழுதிவிட்டுப் போக முடியாது. 1968இல் கென்யாவில் வாழ்ந்த ஆசியர்கள், பிரித்தானியக் கடவுச்சீட்டு வைத்திருந்தவர்கள், இங்கு வரத் தொடங்கியபோது, அவர்களைத் தடுக்கும் சட்டத்தை வில்சனின் அரசாங்கம் மூன்றே நாட்களில் நாடாளுமன்றத்தில் நிறைவேற்றியது. கையில் கடவுச்சீட்டு இருந்தும் நாட்டுக்குள் வர உரிமை இல்லை என்ற நிலையை அது உருவாக்கியது. இது அவருடைய ஆட்சியின் கறை. அகதிகளாக வந்த நாம் அதை மறந்துவிட்டு அவரைப் புகழ முடியாது.

இனி ஐரோப்பாவுக்கு வருவோம். அப்போது அதன் பெயர் ஐரோப்பிய பொருளாதார சமூகம். மக்கள் பொதுச்சந்தை என்றே சொன்னார்கள். 1967இல் அதில் சேர வில்சன் விண்ணப்பித்தார். பிரான்ஸ் ஜனாதிபதி டி கோல் அதைத் தடுத்துவிட்டார். வில்சனுக்குப் பின் வந்த பழமைவாதக் கட்சிப் பிரதமர் எட்வர்ட் ஹீத் 1973 ஜனவரி 1 அன்று நாட்டைச் சேர்த்துவிட்டார். அதற்கு முன்பே தொழிற்கட்சி இந்தக் கேள்வியில் இரண்டாகப் பிளந்திருந்தது. 1971 ஒக்டோபரில் இது நாடாளுமன்றத்தில் வாக்குக்கு வந்தபோது, கட்சி உத்தரவை மீறி 69 தொழிற்கட்சி உறுப்பினர்கள் ஹீத்தின் பக்கம் வாக்களித்தார்கள். அவர்களுக்குத் தலைமை தாங்கியவர் வில்சனுக்கு அடுத்த இடத்தில் இருந்த ரோய் ஜென்கின்ஸ். மறுபக்கத்தில் ரொனி பென், மைக்கேல் ஃபுட், பார்பரா காசில், பீற்றர் ஷோர் போன்றவர்கள் வெளியேறியே ஆக வேண்டும் என்று நின்றார்கள். சட்டம் இயற்றும் உரிமை பிரசல்ஸுக்குப் போய்விடும், மலிவான பொதுநலவாய உணவுப் பொருட்கள் கிடைக்காமல் போகும் என்பது இவர்களின் வாதம். தனித்து நின்றால் தொழிலும் வேலைவாய்ப்பும் குறையும் என்பது அவர்களின் வாதம்.

மக்களிடமே கேட்டுவிடலாம் என்ற யோசனையை முன்வைத்தவர் பென். முதலில் விரும்பாத வில்சன், பின்பு அதையே பிடித்துக்கொண்டார். அதனால் 1972இல் ஜென்கின்ஸ் கட்சியின் துணைத் தலைவர் பதவியில் இருந்து விலகினார். 1974இல் மீண்டும் பிரதமரானதும் வில்சன் அவரை உள்துறை அமைச்சராக்கினார். இங்கிருந்தே அவருடைய வழி தெரியத் தொடங்குகிறது. முரண்பட்டுப் போனவர் திரும்பி வர ஒரு கதவு திறந்தே இருந்தது.

1975 மார்ச்சில் டப்ளினில் மற்ற ஐரோப்பியத் தலைவர்களோடு பேசி, பிரித்தானியா கட்டும் பணம் பற்றியும் நியூசிலாந்து வெண்ணெய் பற்றியும் சில சலுகைகளை வில்சன் பெற்றுவந்தார். அமைச்சரவையில் வாக்கெடுத்தபோது 16 பேர் இருக்கலாம் என்றார்கள், 7 பேர் போகலாம் என்றார்கள். பிரித்தானிய மரபுப்படி அமைச்சரவை முடிவெடுத்தால் எல்லா அமைச்சர்களும் அதையே பேச வேண்டும். முடியாதவர் பதவி விலக வேண்டும். வில்சன் அந்த மரபை இந்த ஒரு கேள்விக்காக நிறுத்தி வைத்தார். அந்த ஏழு பேரும் அமைச்சர்களாக இருந்துகொண்டே, நாடெங்கும் மேடை ஏறி, அரசாங்கத்தின் முடிவுக்கு எதிராகப் பேசலாம். நாடாளுமன்றத்துக்குள் மட்டும் பேசக்கூடாது. அந்த எல்லையை மீறிய எரிக் ஹெஃபர் என்ற துணை அமைச்சர் பதவி நீக்கப்பட்டார். சுதந்திரம் இருந்தது, அதற்கு எல்லோரும் அறிந்த ஒரு வேலியும் இருந்தது.

வில்சன் தன் கட்சியிலேயே தோற்றார் என்பதைக் கவனிக்க வேண்டும். ஏப்ரலில் நாடாளுமன்றத்தில் வாக்கெடுத்தபோது அவருடைய கட்சி உறுப்பினர்களில் 137 பேர் ஆதரித்தார்கள், 145 பேர் எதிர்த்தார்கள். அதே மாதம் நடந்த கட்சியின் சிறப்பு மாநாடும் பெரும்பான்மையாக எதிர்த்தே வாக்களித்தது. பிரச்சாரத்தில் அணிகள் தலைகீழாகக் கலந்தன. பழமைவாதக் கட்சியின் புதிய தலைவி மார்கரட் தாட்சர் இருக்க வேண்டும் என்றார். குடியேறிகளுக்கு எதிராக 1968இல் நஞ்சு கக்கிய இனொக் பவலும், இடதுசாரியான பென்னும் போக வேண்டும் என்ற ஒரே பக்கத்தில் நின்றார்கள். ஜென்கின்ஸும் பென்னும் ஒரே அமைச்சரவையில் இருந்துகொண்டு தொலைக்காட்சியில் எதிரெதிரே அமர்ந்து வாதிட்டார்கள். நாடு அதைப் பார்த்தது.

எல்லாம் சமமாக நடந்தது என்று சொல்லமாட்டோம். அரசாங்கம் இரு தரப்புக்கும் தலா 125,000 பவுண் கொடுத்தது உண்மை. ஆனால் இருக்க வேண்டும் என்ற தரப்பு கிட்டத்தட்ட 15 இலட்சம் பவுண் செலவழித்தது. எதிர்த்தரப்பு அதில் பத்தில் ஒரு பங்கைக்கூடச் செலவழிக்கவில்லை. வீடு வீடாக மூன்று சிற்றேடுகள் போயின: ஒன்று ஆதரவுத் தரப்பு, ஒன்று எதிர்த்தரப்பு, மூன்றாவது அரசாங்கத்துடையது. அதுவும் இருக்கச் சொன்னது.

1975 யூன் 5 அன்று வாக்கெடுப்பு நடந்தது. 67.2 வீதமானோர் இருக்கலாம் என்றார்கள். ஏறத்தாழ 1 கோடி 74 இலட்சம் பேர் ஒரு பக்கம், 85 இலட்சம் பேர் மறுபக்கம். தோற்ற பென் முடிவை ஏற்றுக்கொண்டார். சில நாட்களில் வில்சன் அவரைத் தொழில்துறையில் இருந்து எரிசக்தி அமைச்சுக்கு மாற்றினார். அது தண்டனைதான். ஆனாலும் அவர் அமைச்சரவையிலேயே இருந்தார். ஃபுட், காசில், ஷோர் ஆகியோர் தங்கள் பதவிகளிலேயே தொடர்ந்தார்கள்.

அதே கோடையில் நமது ஊரில் என்ன நடந்தது? வாக்கெடுப்பு முடிந்து ஏழு கிழமைகள் கழித்து, 1975 யூலை 27 அன்று, யாழ்ப்பாண மேயர் அல்பிரட் துரையப்பா பொன்னாலை வரதராஜப் பெருமாள் கோயிலில் வைத்துச் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் சிறீமாவோ அரசாங்கத்தின் பக்கம் நின்றவர். அவருடைய அரசியல் பிழையானது என்று அன்று பெரும்பாலானோர் நினைத்தார்கள். இன்றும் நினைப்பவர்கள் இருக்கிறார்கள். நாம் அதை இங்கு வாதிட வரவில்லை. ஆனால் அவருக்கு முன்பே துரோகி என்ற பட்டம் சூட்டப்பட்டிருந்தது. அந்தச் சொல் பின்பு எத்தனை பேரைத் தேடிப் போனது என்பதை நாம் எல்லோரும் அறிவோம்.

இரண்டு நாடுகளையும் ஒரே தராசில் வைப்பது நியாயமாகாது. வில்சனுக்கு ஒரு பாராளுமன்றமும் பொலிசும் நீதிமன்றமும் துணை இருந்தன. நமக்கு அவை எல்லாம் எதிராக நின்றன. நம்மிடம் வாக்கெடுப்பு என்று ஒன்று வந்தபோது அது 1982 டிசம்பர் 22 அன்று, அவசரகாலச் சட்டத்தின் நடுவே, விளக்கா குடமா என்று வந்தது. தேர்தலே நடத்தாமல் நாடாளுமன்றத்தின் ஆயுளை ஆறு வருடம் நீட்ட ஜே.ஆர். கண்ட வழி அது. யாழ்ப்பாணம் குடத்துக்கே வாக்களித்தது, வென்றது விளக்கு. ஏழு மாதத்தில் கறுப்பு யூலை வந்தது. நமக்குக் கிடைத்த வாக்கெடுப்பு நம் வாயை அடைக்கவே வந்தது. இருந்தும், எங்களுக்குள் நாங்கள் எப்படி முரண்படுவது என்பது மட்டும் எங்கள் கையில் இருந்தது.

வில்சனை விமர்சித்தவர்கள் இன்றும் உண்டு. நாட்டின் கேள்வியைக் கட்சியைக் காக்கும் கருவியாக்கினார், தந்திரக்காரர், உறுதியான கொள்கை இல்லாதவர் என்பார்கள். அதில் உண்மை இருக்கிறது. அவர் ஒட்டவைத்த கட்சியும் நிலைக்கவில்லை. 1981இல் ஜென்கின்ஸ் உட்பட நால்வர் பிரிந்து புதுக்கட்சி தொடங்கினார்கள். 2016இல் டேவிட் கமரனும் அமைச்சர்களுக்கு அதே சுதந்திரத்தைக் கொடுத்தார். ஆனால் அந்தப் பிரச்சாரத்தின் நடுவே நாடாளுமன்ற உறுப்பினர் ஜோ கொக்ஸ் கொல்லப்பட்டார். 51.9க்கு 48.1 என்று முடிவு வந்த காலையிலேயே கமரன் பதவி விலகலை அறிவித்தார். சண்டை போட்டவர்களை மறுபடி ஒரே மேசையில் இருத்த அவர் நிற்கவில்லை. வாக்கெடுப்பை நடத்துவது பாதி வேலை. மறுநாள் காலையில் தோற்றவரோடு என்ன செய்கிறோம் என்பது மீதிப் பாதி.

1976 மார்ச்சில், 60 வயது நிறைந்த சில நாட்களில், யாரும் எதிர்பாராத வேளையில் வில்சன் பதவி விலகுவதாக அறிவித்தார். கணக்குகளை மனதில் வைத்துச் சொல்லக்கூடிய அவரை முதுமையில் மறதி நோய் பிடித்தது. 1995 மே மாதத்தில் காலமானார். அவர் நேசித்த சில்லித் தீவுகளில், சென் மேரிஸ் தீவின் பழைய தேவாலயத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

இந்த நாட்டில் நாம் கட்டியெழுப்பிய கோயில்களையும் தமிழ்ப் பாடசாலைகளையும் பழைய மாணவர் சங்கங்களையும் எண்ணிப் பாருங்கள். எத்தனை, ஒரு கூட்டத்தில் வந்த ஒரு முரண்பாட்டால் இரண்டாகி, பின்பு மூன்றாகியிருக்கின்றன? வென்றவர்கள் நிர்வாகத்தை எடுத்துக்கொள்ள, தோற்றவர்கள் வெளியேறிப் புதுப் பெயரில் பதிவு செய்துகொள்கிறார்கள். பிள்ளைகள் இரண்டு விழாவுக்கும் போவதில்லை. அடுத்த வருடாந்தப் பொதுக்கூட்டத்தில் எதிர்த்து வாக்களித்தவர் ஒருவருக்கும் நிர்வாக சபையில் ஓர் இடம் ஒதுக்கிப் பார்ப்போம். அதற்கு நாடு தேவையில்லை, பாராளுமன்றம் தேவையில்லை. அந்தக் கூட்டத்தில் கை உயர்த்தும் நாமே போதும்.